நிற்கும்போது நடுங்கிய லாரி

ஓடும்போது அந்த லாரிக்கு ஒரு குறையும் கிடையாது. நின்றால்தான் நடுக்கம். கியரை நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் திணறும். ஸ்டீயரிங் கையில் குதிக்கும். கதவுக் கண்ணாடிகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். முன்னால் வைத்த தண்ணீர் பாட்டில் நகர்ந்து நகர்ந்து என் மடியில் விழும். அப்படியே அரை நிமிடம் ஆடிவிட்டு நின்றுபோகும். மறுபடி சாவியைத் திருப்ப வேண்டும்.

ஆறு சக்கர மினி லாரி. பழசு. நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து வாங்கியது. நான் ஓட்டுவேன், அவன் சரக்கு ஏற்றி இறக்கித் தார்ப்பாய் கட்டுவான். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது, அவனுக்கு முப்பத்தொன்று. எங்கள் வீடு புத்தூருக்குப் பக்கத்தில். அவன் நாராயணவனத்தில் தனியாக இருந்தான். வெயில் காலத்தில் மாங்காய், மற்ற நாட்களில் செங்கல், நெல், நூல் மூட்டை என்று எது கிடைத்தாலும் ஏற்றுவோம்.

நடுக்கம் தொடங்கியது சித்திரை மாதம். டீசல் ஃபில்டரை மாற்றினேன். இரண்டு நாள் சரியாக இருந்தது போலத் தெரிந்தது, பிறகு அதே கதை. ஸ்லோ ஸ்குருவை அரைச் சுற்று ஏற்றி வைத்தேன். இன்ஜின் சும்மா நிற்கும்போதே கொஞ்சம் வேகமாக ஓடும், அணையாது என்று கணக்கு. அதுவும் ஒரு வாரம்தான். பிறகு இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாசில் நான்கையும் கழற்றித் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். அங்கே நாசில் சோதிக்கிற கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். நான்கும் ஒழுங்காகப் பனி மாதிரி டீசலைப் பீய்ச்சின.

"நாசில் நாலும் நல்லாத்தான் கீது. கோளாறு வேற எங்கியோ. வண்டியக் கொண்டாந்து ரெண்டு நாள் இங்க உட்டுட்டுப் போ, பாத்துக் குடுக்கறேன்" என்றார்.

மறுநாள் முதல் மாங்காய்ச் சுமை பேசியிருந்தது. சீசன் முடியட்டும், விடுகிறேன் என்று சொல்லிவிட்டு நாசில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதன் பிறகு நான் கண்டுபிடித்த வழி என் வலது கால்தான். நிற்கிற இடத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால் இன்ஜின் அணையாது. ரயில்வே கேட், செக்போஸ்ட், டீக்கடை வாசல், எங்கே நின்றாலும் வலது கால் அங்கேயே இருக்கும். ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது. நடுக்கம் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

சித்தூர்ப் பக்கம் மாங்காய் ஜூஸ் ஃபேக்டரிகளின் முன்னால் சீசனில் நிற்கிற வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிராக்டரும் லாரியுமாக ஒரு மைல் நீளம் நிற்கும். ஒரு வண்டி உள்ளே போனால் மற்றவை ஒரு வண்டி நீளம் நகரும். கொஞ்சம் அசந்தால் பக்கத்திலிருந்து ஒருவன் நுழைந்துவிடுவான். அதனால் யாரும் இன்ஜினை நிறுத்துவதில்லை. நானும் நிறுத்தவில்லை. ஒருமுறை அணைத்தால் என் வண்டி மறுபடி எடுக்க நேரம் பிடிக்கும், அதற்குள் இரண்டு டிராக்டர் முன்னால் போயிருக்கும்.

அன்று காலை ஏழு மணிக்கு வரிசையில் சேர்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு இன்னும் கேட் கண்ணில் படவில்லை. வண்டி முதல் கியரில் இருந்தது. இடது கால் கிளட்ச்சில். வலது கால் ஆக்ஸிலேட்டரில். கேபினுக்குள் அடுப்புச் சூடு. பின்னால் கிளிமூக்கு மாங்காய் வெயிலில் வெந்து புளித்த வாசனை அடித்தது. மச்சான் கீழே இறங்கிப் போய், வரிசை எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு வந்தான்.

"இன்னும் முப்பது வண்டி கீது மாமா. நீ இறங்கி ஒரு சோடா குடிச்சிட்டு வாயேன். நான் ஏறி உக்காந்துக்கறேன்."

"நீ மிதிச்சா அணைஞ்சிடும். இதுக்குப் பதம் எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு என் வண்டியின் முன் பம்பரைப் பார்த்தான். தார்ப்பாய்க் கயிறு ஒன்று அவிழ்ந்து முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தில் சிக்கிவிடும் என்று அதைச் சுருட்டப் பம்பருக்கு முன்னால் நுழைந்தான். எனக்கும் முன்னால் நின்ற லாரிக்கும் நடுவே ஒரு ஆள் குனிகிற இடம்தான் இருந்தது. அவன் குனிந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஐந்து மணி நேரமாகக் கிளட்ச்சைப் பிடித்திருந்த என் இடது தொடையில் சதை பிடித்து இழுத்தது. கால் வழுக்கியது.

லாரி ஒரு முழம் தாவியது. அவ்வளவுதான். தாவி, முன்வண்டியில் மோதி, இன்ஜின் அணைந்தது. அவன் கத்தியது எனக்குக் கேட்டது. பின்னால் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் கியர் போட்டுச் சாவியைத் திருப்பினேன். எடுக்கவில்லை. மறுபடி திருப்பினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு திருப்பலுக்கும் வண்டி குலுங்கியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் கத்தினான். கடைசியில் மற்ற டிரைவர்கள் ஓடிவந்து, "ஏய், நியூட்ரல் போடுடா" என்று என்னைத் திட்டி, பத்துப் பேர் சேர்ந்து லாரியைக் கையால் பின்னுக்குத் தள்ளினார்கள். அவன் தார் ரோட்டில் உட்கார்ந்த மாதிரி சரிந்தான். கையில் கயிறு இருந்தது.

சித்தூரில் கட்டுப் போட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று நாளாக அவள் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"பிரேக்க மிதிக்கலயா நீ?" என்றாள்.

"மிதிக்க முடியல. ஒரு காலு கிளட்ச்சுல, ஒரு காலு ஆக்ஸிலேட்டர்ல. இன்ஜின் அணைஞ்சிடும்னு..."

அவள் குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

போலீஸ் கேஸ் ஆனது. லாரியை ஸ்டேஷனில் நிறுத்தி வைத்தார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியில் ஏறி, கொஞ்ச தூரம் ஓட்டி, மிதித்துப் பார்த்தார். "ப்ரேக்குலு பாகானே உன்னாயி" என்றார். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். உண்மைதான். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. இன்ஜின் நின்ற இடத்தில் ஆடுவதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து வண்டியை விட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்துக் காலி மனையில் நிறுத்தினேன். அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை. பின்பலகையின் இடுக்குகளில் மாங்காய்ச் சாறு கறுத்துக் காய்ந்து எறும்பு மொய்த்தது.

மச்சானை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். அவனுக்குப் பெண் பேசியிருந்தது. அந்த வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார்கள், ஆப்பிள் வைத்துவிட்டுப் போனார்கள், பிறகு வரவில்லை. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்து, மீதியிருந்த காலின் கட்டை அவிழ்ப்பான், மறுபடி சுற்றுவான். சில சமயம் இல்லாத பாதம் அரிக்கிறது என்பான். என் மனைவி அது இருந்திருக்க வேண்டிய இடத்தில், பாயின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே போய்விடுவேன்.

ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்போது இன்னொருவருடைய டிராக்டரை ஓட்டப் போய்க்கொண்டிருந்தேன். அவன் கூப்பிட்டான்.

"மாமா, வண்டிக்கு இன்னா கோளாறுன்னு பாத்தியா?"

"இல்ல."

"பாரு."

"இன்னாத்துக்குடா? வித்துடலாம்னு கீறேன்."

"வித்துக்கோ. அதுக்கு முன்ன பாரு. எதுனால ஆடிச்சின்னு எனக்குத் தெரியணும்."

நான் சரி என்று சொன்னேன். ஆனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவன் தினமும் கேட்டான். கோபமாக இல்லை, மருந்து நேரம் கேட்பது போலக் கேட்டான். ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டூல்ஸ் பெட்டியை எடுத்தேன்.

இந்த மாதிரிக் கோளாறை ஒரு ஆள் பார்க்க முடியாது. ஒருவர் பானெட்டைத் திறந்து இன்ஜினிடம் நிற்க வேண்டும். இன்னொருவர் கேபினில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, சொல்லுகிறபடி ஆக்ஸிலேட்டரை மிதிக்கவோ விடவோ வேண்டும். என் மனைவியிடம் கேட்டேன். "நான் அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவருகே நின்றுகொண்டாள்.

"நான் ஏறி உக்காரறேன் மாமா" என்றான் அவன். "வலது காலு கீதில்ல."

ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, கதவுக் கைப்பிடியைப் பிடித்து, படியில் உட்கார்ந்து, பிறகு கைகளாலேயே உடம்பைத் தூக்கி சீட்டில் ஏறினான். தொடப் போனேன், "உடு" என்றான். நான் எல்லாச் சக்கரத்துக்கும் கல் முட்டுக் கொடுத்தேன். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்தேன். அவன் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு கல்லு வை மாமா" என்றான். கிண்டல் இல்லை. வைத்தேன்.

பானெட்டைத் தூக்கியதும் அவன் முகம் மறைந்துவிட்டது. எனக்கு அவன் தெரியவில்லை, அவனுக்கு நான் தெரியவில்லை. பம்பர் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. "ஸ்டார்ட் பண்ணு" என்றேன்.

இன்ஜின் எடுத்தது, திணறியது, பழையபடி ஆடத் தொடங்கியது. "கால எடுக்காத, லேசா மிதி" என்று கத்தினேன். நாசிலுக்குப் போகிற நான்கு பைப்பின் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்த்தினேன். ஒரு நட்டைத் தளர்த்தினால் அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் இன்ஜின் உடனே இறங்கும். முன்பே செத்திருந்தால் சத்தத்தில் மாற்றமே இருக்காது. முதல் நட்டு, இறங்கியது. இரண்டாவது, இறங்கியது. மூன்றும் நான்கும் அதே மாதிரி. அப்படியென்றால் சிலிண்டர் நான்கும் உயிரோடுதான் இருக்கின்றன. குறை ஒன்றில் இல்லை, நான்குக்கும் பொதுவாக வருகிற டீசலில் இருக்கிறது.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப் ஒரு முழம் வீட்டில் கிடந்தது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே இருந்த பைப்பைக் கழற்றி அதை மாட்டினேன். மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். டீசல் ட்யூபுக்குள் வந்தது. அதோடு குமிழ்களும் வந்தன. கடுகு மாதிரி, பிறகு பட்டாணி மாதிரி, ஒன்றன் பின் ஒன்றாக. ஒரு பெரிய குமிழ் போகும்போது இன்ஜின் திணறியது.

"ஏர் புடிக்குது" என்று கத்தினேன்.

"எங்க?"

"பாக்கறேன்."

ஒரு கேனில் டீசல் ஊற்றி முன்கண்ணாடிக்கு மேலே கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். டேங்கிலிருந்து வருகிற பைப்பைப் பிடுங்கிவிட்டு, கேனிலிருந்து நேராக, டீசலை உறிஞ்சுகிற ஃபீட் பம்புக்கு ஒரு குழாய் போட்டேன். உள்ளே தங்கியிருந்த காற்றை வெளியே எடுத்தேன். ஸ்டார்ட் செய்தான். கொஞ்சம் புகைந்தது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது. "கால எடு" என்றேன். எடுத்தான். ஸ்லோ ஸ்குருவை நான் ஏற்றியிருந்த அளவுக்குக் கீழே இறக்கினேன். இன்ஜின் ஆடவில்லை. கதவுக் கண்ணாடி சத்தம் போடவில்லை. என் மனைவி வாசற்படியிலிருந்து இறங்கி இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.

காற்று எங்கே நுழைகிறது என்பது இப்போது தெரிந்துவிட்டது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு லாரிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். சேஸிஸ் ஓரமாக ஒரு ரப்பர் ஓஸ் போகும். அதை டார்ச் அடித்துத் தடவிக்கொண்டே போனேன். நடுவில் ஓரிடத்தில் கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. கம்பி ரப்பருக்குள் இறங்கி, அதன் கீழே நகம் அகலத்துக்கு வெடித்திருந்தது. ஒரு சொட்டு டீசல் வெளியே கசியவில்லை. அந்த ஓஸ் டீசலை உறிஞ்சுகிற பக்கம், அதனால் வெடிப்பு வழியாகக் காற்றை உள்ளே இழுக்குமே தவிர வெளியே விடாது. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

கம்பியின் முடிச்சைப் பார்த்தேன். நான் கட்டினால் முனையை நீட்டி விட்டுவிடுவேன். இந்த முனை மடக்கி, உள்ளே தள்ளி, கை கிழிக்காமல் தட்டையாக அமுக்கப்பட்டிருந்தது. தார்ப்பாய்க் கம்பிகளை அப்படிக் கட்டுகிறவன் ஒருவன்தான். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முந்தின மழைக்காலத்தில் நாயுடுபேட்டையிலிருந்து திரும்பும்போது கிளிப் உடைந்து ஓஸ் ரோட்டில் உரசியது. நான் ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை. அவன்தான் சேற்றில் சாக்கை விரித்துப் போட்டு அடியில் நுழைந்து கட்டிவிட்டு வந்தான். நல்லா இறுக்கிக் கட்டினியா என்று கேட்டேன். "அசையாது மாமா" என்றான்.

கீழே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. மேலே சீட்டில் அவன் அசைவது கேட்டது. அந்த முடிச்சைக் காட்டினால் என் பாரத்தில் ஒரு பங்கு குறையும் என்ற நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்றால் பொய். கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினேன். வெளியே வந்ததும் வேலி முள்ளுக்குள் வீசினேன்.

"ஓஸ் பழசுடா" என்றேன். "வெடிச்சிருக்கு."

"காட்டு."

வெட்டியெடுத்த ஓஸ் துண்டைக் கொடுத்தேன். கம்பியை எறிந்தேனே தவிர, அது பதிந்த பள்ளத்தை என்ன செய்ய முடியும்? அவன் பெருவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"இத்துனூண்டா?" என்றான். பிறகு, "கண்டுபுடிக்க எவ்ளோ நேரம் ஆச்சி?" என்று கேட்டான்.

"ஒன்ற மணி நேரம் இருக்கும்."

"நாசில் கடக்காரரு ரெண்டு நாள் உட்டுட்டுப் போன்னாரே."

"ஆமா."

அவன் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏறின மாதிரியே கைகளால் இறங்கினான். நான் புத்தூருக்குப் போய்ப் புது ஓஸும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்து மாட்டினேன். அன்று மாலை இன்ஜின் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் ஓடியது. அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தோம்.

பத்து நாள் கழித்து அவனைச் செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கத் திருப்பதிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்க்காமலே சொன்னான்.

"அந்தக் கம்பி நான் கட்னது மாமா."

என்ன கம்பி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"நீ கட்டலன்னா ஓஸ் அன்னிக்கே அறுந்து பூட்டிருக்கும்" என்றேன். "ரெண்டு நாள் வண்டிய உடாம இருந்தது நானு. கால வழுக்க உட்டது நானு."

அவன் யோசித்தான். நான் சொன்னதை மறுப்பான் என்றோ, இல்லை அழுவான் என்றோ எதிர்பார்த்தேன்.

"ரெண்டுந்தான்" என்றான். "அக்காவுக்குச் சொல்லாத. கம்பி சமாச்சாரம் அதுக்குத் தெரிய வாணாம்."



லாரியை விற்கவில்லை. வேறு பிழைப்பு எனக்குத் தெரியவில்லை. இப்போது அவன் நாராயணவனத்தில் ஒரு தறிக் கூடத்தில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறான். செயற்கைக் கால் வெயில் நாட்களில் உரசிப் புண்ணாக்குகிறது, கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொள்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். வண்டியில் அவன் மறுபடி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை. மாங்காய் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு கால்களையும் மடக்கி சீட்டின்மேல் வைத்துக்கொள்கிறேன். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், இடையில் டிராக்டர்கள் நுழைகின்றன. நுழையட்டும்.

என் மனைவி என்னுடன் பேசுகிறாள், சோறு போடுகிறாள். அன்று வராந்தாவில் கேட்டதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எல்லாம் என் ஒருவனால்தான் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். கம்பியைப் பற்றி நான் அவளிடம் சொல்லவில்லை. இதை எழுதிய நோட்டு அலமாரியில் கண்ணில் படும்படியே கிடக்கும். அவள் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது.